மூன்று படி மிச்சம்

பஸ்ஸில் நடத்துனர் சிங்களத்தில் ஓட்டுனரிடம் ஏதோ கத்தினார். பக்கத்து இருக்கைக்காரர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "முன்னால ரோட்டக் காணல்லையாம்." சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கண்ணாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். நடுவில் வரிசையாக நின்ற மின்கம்பங்களை வைத்துத்தான் ஓட்டுனர் பாதையை ஊகித்துப் போய்க்கொண்டிருந்தார்.

கல்முனையில் இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் என் குடை பின்பக்கமாக மடங்கி இரண்டு கம்பிகள் தெறித்துப் போயின. வேளச்சேரி மழைகளைத் தாங்கிய குடை அது. கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் (இங்கே வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) வாடைக்காற்றுக்குக் குடை பிடிப்பது வெளியூர்க்காரர்கள்தான் என்று சிரித்தார். பிறகு தன் தட்டை மூடியிருந்த பாலிதீனில் ஒரு துண்டைக் கிழித்து என் முதுகுப்பைக்குப் போர்த்திவிட்டார்.

மழையில்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தவள் நானேதான். சென்னையில் நான் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம், வெள்ளம் வரும் ஏழைக் குடியிருப்புகளுக்குப் புல்லையும் மரத்தையும் சதுப்பையும் கொண்டு தீர்வு தேடுகிற இடம். சிமென்ட் வடிகாலுக்குப் பதிலாக நாணல் படுகை, மதிலுக்குப் பதிலாக மரவேலி. கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட ஒரு குடியிருப்புக்காக நாங்கள் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தோம். வரைந்தது நான், வீடியோ அழைப்பிலேயே, ஊரை ஒரு தடவையும் பார்க்காமல். வேலை முடிந்து வந்த முதல் மாரிக்காலம் இது. போய்ப் படம் எடுத்து வா என்றார்கள். வெயில் காலத்தில் போய்ப் பச்சைப் புல்லைப் படம் எடுத்து என்ன பயன், தண்ணீர் வரும்போது பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்து எனக்கு அப்போது பெருமை.

குடியிருப்புக்குப் போகும் குறுகிய ஒழுங்கையின் முனையிலேயே மூன்றுசக்கர வண்டி இருமி நின்றது. ஓட்டுனர் கால்களைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் யாருக்கோ போன் செய்தார். "மிசின் வருது" என்றார். மிசின் என்றால் டிராக்டர் என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த பெட்டியில் பாண் கூடைகளுக்கு நடுவே நானும் ஏறி உட்கார்ந்தேன். சூடான ரொட்டி வாசம் ஒரு பக்கம், சாக்கடை வாசம் இன்னொரு பக்கம். பாண் கொண்டு போனவர் என் பசியைப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். வெறும் பாண், மழைத்துளி இரண்டு விழுந்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பயணத்தில் நான் பயமில்லாமல் சாப்பிடவில்லை.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. கிழக்கே கடல். மேற்கே, சம்மாந்துறைப் பக்கமாக, கண்ணுக்கு எட்டியவரை வட்டை, அதாவது நெல்வயல். இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டியில் ஊர். வயல்களின் மழைத்தண்ணீர் எல்லாம் தோணா என்று சொல்லப்படும் நீண்ட தேக்கத்தில் வந்து சேர்கிறது. தோணாவுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் திட்டு. வெயில் காலத்தில் கடலே அந்தத் திட்டைக் கட்டும். மாரியில் அதை மனிதர்கள் வெட்டித் திறக்க வேண்டும். பிரதான வீதிக்காரர்கள் வருடா வருடம் கிறவல் மண் கொட்டித் தங்கள் வளவுகளை, வீட்டு மனைகளை, உயர்த்திக்கொண்டார்கள். அங்கே நிற்க இடமில்லாத தண்ணீர், சுனாமியில் கடற்கரை வீடுகளை இழந்தவர்களுக்குச் சதுப்பு நிலத்தில் கட்டிக் கொடுத்த இந்தக் குடியிருப்புக்கு வருகிறது. கடலுக்குப் பயந்து வந்தவர்களுக்கு இப்போது பின்வாசலில் தண்ணீர்.

ஜெஸீமா ராத்தாவின் (இங்கே அக்காவுக்கு அதுதான் சொல்) வீடுதான் இருப்பதிலேயே பள்ளமான மனையில் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர், நாங்கள் நட்ட நாணலைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் குழுவின் தலைவி. அவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல். தரையை உயர்த்தி, புதிய சிமென்ட் படிகள் ஏறிப் போகும் வாசல். அதைப் பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. நான் காகிதத்தில் போட்ட கோடு, இங்கே காலுக்குக் கீழே கெட்டியாக நிற்கிறது. கீழ்ப்படி ஒன்று மட்டும் தண்ணீரில் இருந்தது.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். "பயப்படாதீங்க தங்கச்சி. இன்னம் ஆறு படி கிடக்கு. மூணு வந்தாத்தான் கத."

அந்தக் கதையை இரவு மாசிச் சம்பலும் இடியப்பமுமாகச் சொன்னார். தோணா வாயை, அந்த மணல் திட்டை, எப்போது வெட்டுவது என்பதில் முன்பெல்லாம் ஒவ்வொரு மாரியும் அடிபிடி. பள்ளத்தில் இருப்பவர்களுக்கு உடனே வெட்ட வேண்டும். மீனவர்களுக்கு வெட்டவே கூடாது, திறந்த வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, தோணிகள் ஏற்றி வைத்த கரையையே அள்ளிக்கொண்டு போகும். ஒரு வருடம் மண்வெட்டியோடு வந்தவர்களும் துடுப்போடு வந்தவர்களும் நேருக்கு நேர் நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பள்ளிவாசலில் கூடி ஒரே ஒரு விதி வைத்தார்கள். ஜெஸீமா வீட்டுப் படியில் மூன்று மிச்சம் என்றால் வெட்டு. நாலு என்றால் கையை மடக்கிக்கொண்டு இரு. அளவுகோல் நட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதை யாரோ இரவில் நகர்த்திவிட்டார்கள் என்று மறுபடி சண்டை. வீட்டுப் படியை யாரும் நகர்த்த முடியாது அல்லவா. முங்கிய படிகள் கலங்கல் தண்ணீரில் தெரியாது என்பதால், மேலே தெரிவதைத்தான் எண்ணுவார்கள். ராத்தா எண்ணி, கரைவலை இழுக்கும் இஸ்மாயில் மாமாவுக்குப் போனில் ஒரு எண்ணைச் சொல்வார். அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை.

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு போட்டேன்.

இரண்டாம் நாள் மழை ஒரு நிமிடமும் விடவில்லை. நாணல் படுகையைப் பார்க்கப் போனோம். பாய் பின்னும் பன்புல்லும், சேற்றில் வேர் விட்டு நிற்கும் கண்ணா மரக் கன்றுகளும். பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. ஒழுங்கைகளின் குப்பை முழுவதும் அதில் மாட்டிக்கொண்டு நின்றது. அது வேலை செய்கிறது என்று நான் சொன்னபோது, குழுவில் இருந்த ஒரு பெண், உங்கள் புல் குப்பையைப் பிடிக்கிறது சரி, பாம்பையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் ராத்தா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பன்புல்லுக்கு அந்தப் பக்கம், மிதக்கும் மரக்கட்டை என்று நான் நினைத்தது காற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது. முதலை. மாரியில் வட்டைப் பக்கமிருந்து வரும் என்றார்கள், ஏதோ விருந்தாளியைச் சொல்வது போல. வேளச்சேரியில் எங்கள் தெருவில் வெள்ளத்தோடு வந்தவை மீன்களும் ஒரு நாற்காலியும்தான். அதற்குப் பிறகு தண்ணீரில் வைத்த ஒவ்வொரு அடியையும் நான் எண்ணியே வைத்தேன்.

மதியம் ராத்தாவின் தம்பி முனீர் வீட்டுக்குப் போனோம். ஒரே வேலி, அடுத்த வளவு. மேசன் வேலை செய்தவர், இரண்டு சிறுநீரகமும் போய் இப்போது வீட்டிலேயே இருக்கிறார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். நாளுக்கு நான்கு தடவை ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, பழையதைத் தரையில் வைத்த இன்னொரு பைக்குள் வடிய விட வேண்டும். அதற்கென்று ஒரு அறை. வெள்ளை அடித்த சுவர், ஒரு கட்டில், கூரையில் ஒரு கொக்கி. அவர் மனைவி ஹிதாயா என்னை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினார். மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையை முழங்கை வரை கழுவி, வாயை மூடிக் கட்ட வேண்டும். ஒரு துளி அழுக்கு உள்ளே போனால் வயிற்றில் கிருமி. போன வருடம் இதே ஊரில் ஒருவர் அப்படித்தான் மௌத்தானார், இறந்துபோனார், என்று ஹிதாயா சொன்னபோது, அந்த அறையின் தரையைத்தான் பார்த்தார். தரை முற்றத்திலிருந்து ஒரே ஒரு படி உயரம்.

முனீர் மட்டும் கட்டிலில் இருந்தபடி சத்தமாகப் பேசினார். "எனக்கு உள்ளுக்கயும் தண்ணி, வெளியாலயும் தண்ணி. எந்தத் தண்ணிக்கு நான் பயப்படுற, நீங்களே சொல்லுங்க?"

அன்றைக்கு வெயில் இல்லாததால் பையைச் சூடாக்க முடியவில்லை. குளிர்ந்த தண்ணீரை வயிற்றுக்குள் விட முடியாது. உறை பிரிக்காத பையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்து, உடம்புச் சூட்டில் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார் ஹிதாயா. குழந்தையைப் போல இருந்தது அது, கனமாக, குளிராக, மெல்ல என் சூட்டுக்கு வந்தபடி. படி எண்ண ராத்தா இருக்கும்போது தான் நிம்மதியாகத் தூங்குவதாக முனீர் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை, அந்தத் தூக்கம் என் கையில்தான் இருந்தது என்று தெரிந்தது.

அலுவலகத்துக்கு அனுப்ப, பழைய படம் ஒன்றும் புதிய படம் ஒன்றும் ஒரே கோணத்தில் வேண்டும் என்று ராத்தா வீட்டு வாசலுக்கு எதிரே, முழங்கால் தண்ணீரில் நின்றேன். போனில் பழைய படத்தைத் திறந்தேன். வீட்டை உயர்த்துவதற்கு முந்தைய மாரியில், வாய் வெட்டப்போகும் நாளில், ராத்தாவே எடுத்து அனுப்பியது. அதில் மூன்று படி தெரிந்தது. பக்கத்தில் முனீர் வீட்டு வாசல், தண்ணீருக்கு மேலே காய்ந்திருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இப்போது ஐந்து படி தெரிந்தது. ராத்தா அப்போதுதான் அந்த எண்ணைப் போனில் சொல்லி முடித்திருந்தார். ஐந்து, அதனால் இன்னும் இரண்டு படி தண்ணீர் ஏறலாம், யாரும் பதற வேண்டாம். ஆனால் தண்ணீரோ முனீர் வீட்டு வாசலுக்கு ஒரு படி கீழே, பழைய படத்தில் நின்ற அதே இடத்தில் நின்றது.

பழைய வீட்டுக்கு ஐந்து படி. மூன்று மிச்சம் என்றால் இரண்டு முங்கியிருக்கும். தரையை உயர்த்தியபோது மேலே இரண்டு படி சேர்த்தேன். இப்போது ஏழு. மூன்று மிச்சம் என்று சொல்வதற்குள் நான்கு முங்கிவிடும். மூன்று முங்கும்போதே தண்ணீர் முனீரின் தரையில் இருக்கும்.

விதியை நான் கேட்கவே இல்லை, அது உண்மை. வீடு எவ்வளவு உயர வேண்டும் என்றுதான் கேட்டேன், அந்த வீட்டுப் படியில் எத்தனை வீடுகள் உயிரைக் கட்டி வைத்திருக்கின்றன என்று கேட்கவில்லை. ஊரில் யாருக்கும் கூடத் தோன்றவில்லை. எல்லோரும் வருடக்கணக்காக மேலிருந்து மூன்று எண்ணிப் பழகியவர்கள். புதுப்படியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களே தவிர, கணக்கு மாறிவிட்டதை ஒருவரும் பார்க்கவில்லை.

ராத்தாவிடம் சொன்னேன். அவர் படியைப் பார்த்தார், தம்பி வீட்டைப் பார்த்தார், பிறகு முக்காட்டை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கடற்கரைக்கு நடந்தோம்.

இஸ்மாயில் மாமா தன் வாடியில், வலை போட்டு வைக்கும் தென்னோலைக் குடிசையில், பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கழுத்து மரம் போல. பின்னால் கடல் சுவர் சுவராக எழுந்து விழுந்தது. ராத்தா சொன்னதை முழுக்கக் கேட்டார். "இப்ப எத்தின?" என்றார்.

"அஞ்சு."

"அப்ப ரெண்டு கிடக்கு."

நான் குறுக்கே விழுந்து போனை நீட்டினேன். பழைய படம், புதிய படம், என் வரைபடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் படத்தைத் தொடக்கூட இல்லை. "மகள், போன்ல எதையும் காட்டேலும். இந்தக் கரையில எங்கட தோணியெல்லாம் கிடக்கு. நாளைக்கு இன்னொரு ஆள் வந்து வேற படம் காட்டுவான். மூணு எண்டு சொன்னா மூணு."

"அப்ப வந்து எண்ணுங்க மாமா," என்றார் ராத்தா. "மேலால இல்ல. கீழால."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஒழுங்கைத் தண்ணீரில் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார், முதலையைப் பற்றிய நினைப்பே இல்லாதவர் போல. ராத்தா வீட்டு வாசலில் சாரத்தை மடித்துக் கட்டி, கலங்கலுக்குள் காலை விட்டுத் துழாவினார். அடிப்படியைக் கண்டுபிடித்து ஏறி நின்றார். ஒண்டு. பாதத்தால் அடுத்ததைத் தடவி ஏறினார். ரெண்டு. அப்புறம் தண்ணீருக்கு வெளியே, ஈரக்கால் பதியப் பதிய, மெல்ல ஏழு வரை எண்ணி மேலே போய் நின்றார். பக்கத்து வளவைப் பார்த்தார். முனீர் வீட்டு வாசலில் ஹிதாயா பழைய துணிகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

"இத ஆரு கட்டின?"

"வரைஞ்சது நான்தான் மாமா," என்றேன்.

"நல்லாத்தான் கட்டியிரிக்கி," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே வெட்டுவார்கள் என்று நினைத்தேன். முடியாது என்றார் மாமா. கடல் இப்போது தோணாவைவிட மேலே நிற்கிறது, இப்போது திறந்தால் கடல்தான் உள்ளே வரும், குடிக்கிற கிணறுகளும் வயலும் உப்பாகும், வீடும் மிஞ்சாது. காற்று தணிய வேண்டும், அநேகமாக விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. அதாவது ஒரு முழு இரவு. தண்ணீர் ஒரு படியை ஏற எத்தனை நேரம் எடுத்தது என்று ராத்தாவும் நானும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், முனீரின் மூன்றாவது மாற்று. எப்படியும் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் மூச்சு வாங்கும். ஹிதாயா கதவைச் சாத்திக்கொண்டார். நானும் ராத்தாவும் வெளியே வாசலில் துணிமூட்டைகளைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றோம். தண்ணீர் மேலே தாண்டி வரும் என்று எதிர்பார்த்தோம். அது தரைக்கு அடியிலிருந்து, சுவர் ஓரத்து வெடிப்பிலிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. எங்கள் கால்களுக்குப் பின்னால், கதவுக்கு அடியில், உள்ளே போய்க்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஹிதாயா, மிக மெதுவாக, ராத்தாவை அழைத்தார். "மைனி, தண்ணி."

கதவைத் திறந்தோம். வடியும் பை தரையில் மிதந்தது. குழாய் அதிலிருந்து முனீரின் வயிறு வரை. ஹிதாயா குழாயின் பூட்டை ஒரு கையால் இறுக்கி, மறு கையால் இணைப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கழற்றும்போது ஒரு சொட்டு தெறித்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. முனீர் முதல் தடவையாகக் கேலி எதுவும் பேசவில்லை.

இஸ்மாயில் மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முனீரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, வேலியைப் பிரித்துக் கடந்தார்கள். தொடையளவு பழுப்புத் தண்ணீர், வட்டையின் சாணமும் மலக்குழிகளின் அழுக்கும் கலந்தது. நான் மருந்துப் பைகளைத் தலையில் வைத்துப் பின்னால் போனேன். காலில் ஏதோ உரசியது. நான் கத்தவில்லை, கத்தினால் அவர்கள் தடுமாறுவார்கள். பிறகு பார்த்தால் அது வாழைத்தண்டு. ஏழாவது படிக்கு மேலே, ஈரமில்லாத அந்தத் தரையில் அவரை இறக்கினார்கள். இடியப்பம் அவிக்கும் அறையைக் கழுவித் துடைத்து, ஹிதாயா ஆணியில் பையை மாட்டினார். அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் தூங்கவில்லை, படி எண்ணவும் இல்லை.

விடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மண்வெட்டி உள்ளவர்கள் தோணா வாய்க்கு வாருங்கள் என்றது. வட்டைக்காரர்கள், கடைக்காரர்கள், கரைவலைக்காரர்கள். முன்பெல்லாம் எதிரெதிரே நின்றவர்கள் தோளோடு தோள் நின்று வெட்டினார்கள். கடல் பக்கமிருந்து உள்நோக்கி ஒரு ஒடுங்கிய வாய்க்கால், கடைசியில் தோணா ஓரம் ஒரு பாய் அகல மண் மட்டும் மிச்சம். இஸ்மாயில் மாமா அதை வெட்டிவிட்டு விலகிப் பாய்ந்தார்.

முதலில் கடல்தான் உள்ளே வந்தது. ஒரு அலை வாய்க்கால் முழுக்க ஏறி, தோணாவுக்குள் வெள்ளையாக நுரைத்தது. இரண்டாவது அலையும் வந்தது. என் பக்கத்தில் நின்ற ஒருவர் ஓதத் தொடங்கினார். மூன்றாவது அலை பாதி வழியில் நின்று, திரும்பி, பழுப்புத் தண்ணீர் அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு சத்தம்தான். கரைகள் பாளம் பாளமாக விழுந்து, வாய்க்கால் ஆறாகி, ஆறு வடக்கே திரும்பி, நேராக இஸ்மாயில் மாமாவின் வாடியை நோக்கிப் போனது. தோணிகளை இழுத்துவிட்டார்கள். வாடியின் கால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கூரை கொஞ்ச தூரம் தொப்பி போல மிதந்துபோனது.

"போகட்டும்," என்றார் அவர். "அதுக்குள்ள நுளம்புதான் கடிக்கிற." சொல்லிவிட்டு, கூரை கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார்.

மாலைக்குள் ஏழு படியும் வெளியே வந்துவிட்டன. நாணல் சேற்றில் படுத்துக் கிடந்தது, கண்ணாக் கன்றுகளில் பாதியைக் காணவில்லை, ஆனால் அவை நின்ற இடத்தில் கரை இடியவில்லை. அலுவலகத்துக்கு அதை எழுதினேன். படிகளைப் பற்றியும் எழுதினேன், யார் வரைந்தது என்பதையும். இஸ்மாயில் மாமா ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, முனீர் வீட்டுச் சுவரில், தரைக்கு ஒரு படி கீழே, கை அகலத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

ஆனால் வீட்டில் யாருக்கும் கோட்டைப் பார்க்க மனம் இல்லை. ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள்: கிருமி போயிருந்தால் மூன்று நாளைக்குள் காட்டும். வயிற்றுவலி வரலாம், காய்ச்சல் வரலாம், அதற்கு முன்பே வடியும் தண்ணீர் கலங்கும். பாதை சரியில்லை, கலங்கினால் உடனே புறப்படுங்கள். எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாலும் பாதை சரியில்லை என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. முனீருக்கு முதல் நாள் லேசாக உடம்பு சுட்டது. இரண்டாம் நாள் இல்லை. நான் திரும்ப வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் காலை மாற்று முடிந்து, வடிந்த பையை ஹிதாயா ஜன்னலோரம் கொண்டுவந்தார். கலங்கலை அவர்கள் பார்க்கும் முறை அப்போதுதான் தெரிந்தது. பைக்குப் பின்னால் ஒரு பத்திரிகையைப் பிடிக்க வேண்டும், தண்ணீருக்கு ஊடாக எழுத்தை வாசிக்க முடிந்தால் பயமில்லை. ஹிதாயா பையை நீட்டிப் பிடித்தார், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ராத்தா பத்திரிகையைப் பிடித்தார்.

"நீங்க பாருங்க தங்கச்சி. எங்களுக்கு ஏலா."

குனிந்தேன். முதலில் ஜன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது. கண்ணைச் சுருக்கினேன். மஞ்சள் நிறத்துக்கு ஊடாகக் கறுப்பாக ஒரு கோடு, அது மெல்லப் பிரிந்து எழுத்தானது. ஒரு விளம்பரம்.

"பழைய பிரிட்ஜ்கள் வீட்டுக்கே வந்து திருத்தித் தரப்படும்," என்று வாசித்தேன். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. "உதிரிப் பாகங்களுக்கு உத்தரவாதம் உண்டு."

கட்டிலிலிருந்து முனீர் சொன்னார்: "அவர் கிட்னியும் திருத்துவாரா எண்டு கேளுங்க."

ராத்தா சிரித்தபடியே அழத் தொடங்கினார். ஹிதாயா இன்னும் திரும்பவில்லை. பையைப் பிடித்திருந்த கை அப்படியே நீட்டியிருந்தது.

"மறுகா ஒருக்கா வாசிங்க," என்றார்.

முதல் எழுத்திலிருந்து வாசித்தேன்.